துத்தம் போட்ட மாவு

திருத்தங்கலில் நல்லசிவம் வீட்டின் அடுப்படிச் செலவு மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். 2002 சித்திரையில் அவர் வைத்த தொகை அது. 2007 புரட்டாசி வரை அதில் மாற்றம் இல்லை. இடையில் துவரம்பருப்பு ஏறிற்று, கடலையெண்ணெய் ஏறிற்று, கேஸ் சிலிண்டர் ஏறிற்று, பிள்ளைகள் இரண்டும் வளர்ந்து தட்டில் சோறு கூடிற்று. தொகை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒன்றாம் தேதி காலையில் அலமாரித் தட்டில் மூன்று ஐந்நூறு ரூபாய்த் தாள்களை வைத்து, மேலே உப்பு ஜாடியை ஏற்றிவிட்டுத்தான் நல்லசிவம் சைக்கிளை எடுப்பார்.

அந்தப் பணத்தில் நான்கு பேருக்கு மூன்று வேளையும் ஆக்கிப் போட்டவள் அவர் மனைவி செல்வலட்சுமி.

அவள் ஆமத்தூர்க்காரி. அப்பா அங்கே சின்னதாகப் பலசரக்குக் கடை வைத்திருந்தார். எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தியபின், கல்யாணம் ஆகும்வரை கடையில் பொட்டலம் மடித்தாள். நூறு கிராம் கடுகைத் தராசில் வைக்காமல் கையால் அள்ளித் தாளில் போடுவாள். அப்பா எடுத்து நிறுத்துப் பார்ப்பார். முள் நடுவில் நிற்கும். "எம் பொண்ணு போற வீட்டுல எதுவும் சிந்தாது, சிதறாது" என்று அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அது காதில் விழுந்துதான் நல்லசிவத்தின் தகப்பனார் பெண் கேட்டு வந்தார். 1991 தையில் கல்யாணம் நடந்தது.

நல்லசிவத்துக்குச் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் ஸ்டோர் பார்க்கிற வேலை. தாள் ரீம் ரீமாக உள்ளே போகும், காலண்டராக வெளியே வரும். நடுவில் எவ்வளவு வீணாயிற்று என்று பார்ப்பதுதான் அவருடைய உத்தியோகம். நூற்றுக்கு இரண்டுக்கு மேல் வேஸ்டேஜ் போனால் மிஷினை நிறுத்தச் சொல்லிக் கேள்வி கேட்பார். அந்தக் கண் வீட்டுக்கு வந்தாலும் மூடாது. தட்டில் ஒதுக்கிய முருங்கைக்காய்ச் சக்கையைத் திருப்பிப் பார்ப்பார், சதை மிச்சம் இருக்கிறதா என்று. ஆமத்தூர் சாலையில் மூன்று சென்ட் மனை வாங்கவேண்டும் என்று அவருக்கு ஒரே நினைப்பு. அடுப்படியில் மிஞ்சினால்தான் மனை என்று சொல்லிவிட்டார்.

செல்வலட்சுமிக்கும் மனை வேண்டாம் என்றில்லை. சிக்கனம் அவளுக்குக் கைவந்த வேலை. அரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்துத்தான் உலையில் போடுவாள். முக்கால் வேக்காட்டில் அடுப்பை அணைத்துப் பானையைச் சாக்கில் சுற்றி வைத்தால் மீதி தானாக வெந்துவிடும். புளியை முதல் கரைசல் குழம்புக்கும் இரண்டாம் கரைசல் ரசத்துக்குமாகப் பிழிவாள். காய்க்காரிகள் கடையைக் கட்டும் நேரத்தில் சந்தைக்குப் போய், கூறு போட்டதில் மிஞ்சியதைப் பாதி விலைக்கு வாங்கி வருவாள். ரேசன் அரிசியில் வாடை போக ஒரு பிடி வெந்தயம் சேர்த்து அவள் சுடும் இட்லியை, ரேசன் அரிசி என்று யாரும் சொல்லமாட்டார்கள். இரண்டு வருடம் ஆயிரத்து ஐந்நூறில் அவள் உண்மையாகவே குடும்பம் நடத்தினாள்.

2004இல் மகள் ஆர்த்தியின் பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டர், பிள்ளையின் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் குறைவாக இருக்கிறது, தினமும் ஒரு முட்டையும் பாலும் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். ஆர்த்திக்கு அப்போது ஒன்பது வயது. படி ஏறினால் மூச்சு வாங்கும். செல்வலட்சுமி அன்று சாப்பாட்டின்போது சொன்னாள்.

நல்லசிவம் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "கொல்லையில முருங்கை நிக்கில்ல? அதுல இல்லாத சத்து முட்டையில என்ன இருக்கு?"

"கீரை கொடுத்துக்கிட்டுத்தாங்க இருக்கேன். அதுக்குப் பெறகுதான் டாக்டரு பாத்தாரு."

"டாக்டருக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவாரு. அவரா வாங்கித் தாறாரு? ஆயிரத்தைந்நூறுக்குள்ள முடிஞ்சா செய்யி."

முடியாது என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மறுவாரம் அவள் மூன்றாம் வீட்டு முத்துமாரியம்மாளிடம் போனாள்.

முத்துமாரியம்மாள் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு மத்தாப்புப் பெட்டி ஒட்டிக் கொடுப்பவள். அவள் புருஷன் ஊர்க்காவலனுக்கு நல்லசிவத்தின் அச்சகத்திலேயே மிஷின் வேலை. ஏஜெண்டு அட்டையும் பசைமாவும் கொண்டுவந்து இறக்குவான். ஒட்டிய பெட்டியை வாரம் ஒருமுறை எடுத்துப் போவான். நூறு பெட்டிக்கு நான்கு ரூபாய். பொட்டலம் மடித்துப் பழகிய கை செல்வலட்சுமியுடையது. ஒரே மாதத்தில் முத்துமாரியம்மாளைவிட வேகமாக மடித்தாள்.

பசைமாவு என்பது மைதாதான். ஒரு காலத்தில் வெறும் மைதாவாகவே இறக்கினார்கள். பெட்டி ஒட்டும் வீடுகளில் அதில் ஒரு கை எடுத்துப் பிள்ளைகளுக்குத் தோசை ஊற்றினார்கள். அட்டைக்கும் மாவுக்கும் கணக்கு ஒத்துவரவில்லை என்று கண்ட கம்பெனி, அதற்குப் பிறகு மயில்துத்தம் என்கிற நீலநிற விஷ உப்பைப் பொடித்து மாவில் கலந்தே கொடுக்க ஆரம்பித்தது. பசையைப் பூச்சி அரிக்காது என்று காரணம் சொன்னார்கள். தின்றால் குடல் வெளியே வருகிறமாதிரி வாந்தி எடுக்கும், சமயத்தில் ஆளே போய்விடும் என்று எல்லா வீட்டிலும் தெரியும். பார்க்க மைதா மாதிரியே இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால்தான் லேசாக ஒரு நீலம் ஓடும்.

புருஷன் வேலைக்குப் போனபின் செல்வலட்சுமி மத்தியானம் மூன்றாம் வீட்டுக்குப் போய்விட்டு, அவர் சைக்கிள் வரும் முன்னால் திரும்பிவிடுவாள். பசை போகப் புளிக் கோதால் விரல்களைத் தேய்த்துக் கழுவுவாள். ஸ்டோர்காரர் பெண்டாட்டி கூலிக்குப் பெட்டி ஒட்டுகிறாள் என்று தெரிந்தால் நல்லசிவம் அன்றோடு நிறுத்திவிடுவார். வேறொரு குமாஸ்தாவின் மனைவி ஒட்டியதைக் கேள்விப்பட்டு, "அவனுக்கெல்லாம் எதுக்கு மீசை?" என்று அவர் காறித் துப்பியதை அவள் பார்த்திருந்தாள். பெட்டி நின்றால் முட்டையும் நின்றுவிடும். ஆர்த்தி பள்ளி விட்டதும் முத்துமாரியம்மாள் வீட்டில்தான் முட்டையைத் தின்று, பாலைக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள்.

ஒரு வருடத்தில் பிள்ளையின் உதட்டில் நிறம் வந்தது. படியை ஓடி ஏறினாள்.

"பாத்தியா, முருங்கைக்கீரை!" என்றார் நல்லசிவம்.

அதன்பின் விலைவாசி ஏற ஏற, பெட்டிக் காசு முட்டையோடு நிற்கவில்லை. பருப்புக்குப் போயிற்று, எண்ணெய்க்குப் போயிற்று. மாதம் நானூறு ரூபாய் யாருக்கும் தெரியாமல் அந்த அடுப்படிக்குள் போனது. நல்லசிவத்துக்குப் பத்திரிகைக்காரன் பொய் சொல்கிறான் என்று எண்ணம். "வெலவாசி ஏறிருச்சு, ஏறிருச்சுங்கான். எங்க ஏறிருச்சு? எங்க வீட்டுல ஏறலையே!" என்று டீக்கடையில் பேசினார். கல்யாண வீடுகளில் பேசினார். கடைசியில் அச்சகத்திலும் பேசினார்.

2006 ஆயுத பூஜையன்று, சம்பளம் கூட்டிக் கேட்கலாம் என்று மிஷின்காரர்கள் கூடிப் பேசி வைத்திருந்தார்கள். முதலாளி சங்கரபாண்டியன் மாலையும் கழுத்துமாக நின்று, கேட்கும் முன்பே பதில் சொல்லிவிட்டார்.

"நம்ம நல்லசிவத்தப் பாருங்க. நாலு பேரு, ஆயிரத்தைந்நூறு ரூவா. சாப்பாட்டுக்கு அம்புட்டுத்தான். ஒங்களுக்குச் சம்பளம் பத்தலைன்னா கோளாறு சம்பளத்துல இல்ல, வீட்டுல."

எல்லோரும் திரும்பி நல்லசிவத்தைப் பார்த்தார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றார். அந்த வருடம் யாருக்கும் கூடவில்லை. அவருக்கும் கூடவில்லை.

மறுநாள் முத்துமாரியம்மாள் பசைச் சட்டியை ணங்கென்று வைத்தாள்.

"வா தாயி, வா. ஒன் புருசன் வாய வச்சு எங்க வீட்டு அடுப்புல தண்ணிய ஊத்திட்டாரு."

"நான் என்ன மதினி செய்ய?"

"நீ என்ன செய்வ? இங்கன வந்து பெட்டி ஒட்டி அவரு பெருமைய ஒட்டிக்கிட்டு இருக்க. ஆயிரத்தைந்நூறாம்ல! எங்க வீட்டு மனுசன் ராத்திரி என்னப் பாத்துக் கேக்காரு, ஸ்டோர்காரர் சம்சாரம் நடத்துறா, ஒனக்கு மட்டும் ஏன் பத்தலைன்னு. நான் என்ன சொல்ல? அவ வண்டவாளத்தச் சொல்லட்டுமா?"

"சொல்லிராதீக மதினி. பிள்ளைக்கு முட்டை போயிரும்."

முத்துமாரியம்மாள் ஒரு அட்டையை எடுத்து நான்கு மடிப்பு மடித்தாள். "அந்த முட்டைக்கித்தான் வாயக் கட்டிக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

2007 புரட்டாசியில் மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. முத்துமாரியம்மாள் வீட்டு ஓடு ஒழுகி, மாவு மூட்டையில் தண்ணீர் இறங்கிற்று. நனையாத மாவை ஒரு டின்னில் அள்ளி, "ஒன் வீட்டுப் பரண்ல ரெண்டு நாளைக்கி வையி, ஓடு மாத்திருறோம்" என்று கொடுத்தாள். செல்வலட்சுமி டின்னைப் பரணில் குடைகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். நல்லசிவம் குடை எடுக்க ஏறுவார் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. அவர் ஏறினார், மூடியைத் திறந்து பார்த்தார். வீட்டுப் பணத்திலேயே பெண்டாட்டி மூன்று கிலோ மைதா மிச்சம் பிடித்து வைத்திருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். கேட்கவில்லை. உள்ளுக்குள் மகிழ்ந்திருக்கிறார்.

அந்த வாரக் கடைசியில் சங்கரபாண்டியன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். காரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, அவரும் அவர் சம்சாரமும் தட்டும் பத்திரிகையுமாக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். செல்வலட்சுமி டீ போடப் போனாள்.

"வெறும் டீயா?" என்று நல்லசிவம் அடுப்படி வாசலில் வந்து நின்றார். "மொதலாளி மொத மொதல்ல வந்திருக்காக. போண்டா போடு. மைதாதான் இருக்குல்ல, பரண்ல."

அவள் கையில் இருந்த வடிகட்டி நின்றது. "அது பழைய மாவுங்க. வண்டு விழுந்துருச்சு."

"வண்டு விழுந்தா சலிச்சாப் போச்சு. அதுக்காக மாவத் தூரப் போடவா?"

"எண்ணெய் பத்தாதுங்க."

"காலையில பாத்தேன், கால் லிட்டருக்கு மேல கெடக்கு."

கூடத்தில் இருந்து சங்கரபாண்டியன் சிரிப்பது கேட்டது. "பாத்தியா, எண்ணெய் இருப்பு வரைக்கும் கணக்கு வச்சிருக்காரு. நான் சொல்லல? ஸ்டோர்க்காரரு வீட்டுலயும் ஸ்டோர்க்காரருதான்."

அந்தப் பாராட்டில் நல்லசிவத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி டின்னை இறக்கினார். ஆர்த்தி அம்மாவின் சேலையைப் பிடித்து, "கடைக்கி ஓடிப் போயி அரைக்கிலோ வாங்கியாறட்டுமா?" என்று காதில் கேட்டாள். நேரம் இல்லை. "நீ அளந்தா டின்னையே கவுத்துருவ, நானே போடுறேன்" என்று அவர் டம்ளரால் மாவை மொண்டு சட்டியில் போட்டுவிட்டார். இரண்டாவது டம்ளரில் நிறுத்தினார்.

"என்ன இது, ஒரு மாதிரி நீலம் பாஞ்சு கெடக்கு? கெட்டுப்போச்சா?"

ஆள்காட்டி விரலால் மாவைத் தொட்டு, நாக்குக்குக் கொண்டுபோனார்.

செல்வலட்சுமி அவர் கையை அடித்துத் தட்டிவிட்டாள். டம்ளர் உருண்டு கூடம்வரை போயிற்று. பத்திரிகைத் தட்டை மடியில் வைத்திருந்தவர்கள் இருவரும் எட்டிப் பார்த்தார்கள்.

"அது திங்கிற மாவு இல்ல. துத்தம் போட்ட பசைமாவு."

"பசைமாவா? நம்ம வீட்டுல எதுக்குப் பசைமாவு?"

"நான் பெட்டி ஒட்டுறேன்."

நல்லசிவத்தின் முகம் வெளுத்து, பின் கறுத்தது. அவர் பார்த்தது மனைவியை அல்ல, முதலாளியை.

சங்கரபாண்டியன்தான் கேட்டார். "எம்புட்டு நாளா தாயி?"

"மூணு வருசமா."

"மாசம் என்ன கெடைக்கும்?"

"நானூறு. சீசன்ல கொஞ்சம் கூட வரும்." கேட்கிறாரே என்று அவளுக்கு ஒரு துணிச்சல் வந்தது. இத்தனை வருடம் நெஞ்சில் இருந்ததைச் சொல்ல இதைவிட்டால் ஆளும் கிடைக்காது, நேரமும் கிடைக்காது. "ஆயிரத்தைந்நூறு பத்தாதுங்கய்யா. பத்துனதே இல்ல, பிள்ளைக்கு முட்டையும் பாலும்னு ஆன பெறகு. நீங்க போன வருசம் பூஜையில சொன்னீகளாம்ல, எங்க வீட்டப் பாருங்கன்னு. எங்க வீட்டுல நடந்தது இதுதான். சம்பளந்தாங்கய்யா பத்தல."

சங்கரபாண்டியன் முகம் மலர்ந்து நல்லசிவத்தின் தோளைத் தட்டினார்.

"இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போடுறீகளே! வீட்டுல ரெண்டு சம்பளம்னு நெஞ்ச நிமித்திச் சொல்ல வேண்டிய விசயம். பொம்பள மனசு வச்சா ஒரு வீடு எப்பிடியும் ஓடிரும். நமக்கு அதுதான் தெரிய வேண்டியது."

பத்திரிகையைக் கொடுத்துவிட்டு, டீயைக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

அடி விழும் என்று செல்வலட்சுமி எதிர்பார்த்தாள். இல்லை, பேச்சை நிறுத்திவிடுவார் என்று எதிர்பார்த்தாள். நல்லசிவம் சட்டியில் கொட்டிய மாவைத் திரும்ப டின்னுக்குள் வழித்துப் போட்டு, மூடியை அழுத்தி, பரணில் ஏற்றினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து விரலை மடக்கினார். முதலாளியே நல்ல விஷயம் என்று சொல்லிவிட்டபின் அவருக்கு அவமானம் இல்லை. கணக்குதான் இருந்தது.

"நானூறா?"

"ஆமா."

"அப்ப இந்த வீட்டுல ஆயிரத்துத் தொள்ளாயிரம் செலவாயிருக்கு. ஆயிரத்தைந்நூறுன்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். மாசாமாசம் நானூறு ரூவா வேஸ்டேஜ். மூணு வருசம்."

"வேஸ்டேஜ் இல்லங்க. முட்டை, பாலு, பருப்பு."

"செலவு ஆயிரத்தைந்நூறுதான். அதுல ஒன் பங்கு நானூறு. ஒண்ணாந்தேதியிலருந்து நான் ஆயிரத்து நூறு வைக்கிறேன். மத்தியானம் ஒளிஞ்சு ஒளிஞ்சு போக வேண்டாம், இங்கனயே உக்காந்து ஒட்டு. பசையை மட்டும் நம்ம கேஸ்ல காய்ச்சாத."

சொன்னபடி ஒன்றாம் தேதி உப்பு ஜாடிக்கு அடியில் ஆயிரத்து நூறு ரூபாய் இருந்தது. மீதி நானூறு மனைக்குப் போயிற்று.

அந்த மாதமே ஆயுத பூஜை வந்தது. சங்கரபாண்டியன் மாலையும் கழுத்துமாக நின்று, இந்த முறை வேறு மாதிரி சொன்னார் என்று முத்துமாரியம்மாள் வந்து சொன்னாள். வீட்டில் பொம்பளைகள் சும்மா உட்கார்ந்திருக்காமல் நல்லசிவம் சம்சாரம் மாதிரி பெட்டி ஒட்டினால் யாருக்கும் சம்பளம் பத்தும் என்றாராம்.

"நான் பதினெட்டு வருசமா ஒட்டுறேன்" என்றாள் முத்துமாரியம்மாள். "எம் பேரச் சொல்லல பாத்தியா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். செல்வலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை.

"நீ ஏன்டி வாயத் தொறந்த?"

"தொறக்காட்டி அவரு நாக்குல வச்சிருப்பாரு மதினி."

"வச்சிருப்பாரு" என்றாள் முத்துமாரியம்மாள். சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

ஆயிரத்து நூறு ரூபாயில் மிச்சம் பிடிக்கச் செல்வலட்சுமியிடம் வித்தை ஏதும் பாக்கி இல்லை. காலை வேலை முடிந்ததும் ஒட்ட உட்கார்ந்தாள், விளக்கு வைத்த பிறகும் ஒட்டினாள். அந்தக் காசில் பிள்ளைகள் இருவருக்கும் முத்துமாரியம்மாள் வீட்டு அடுப்பிலேயே ஆக்கிப் போட்டாள். முட்டை நிற்கவில்லை. புருஷன் வைத்த பணத்தில் புருஷனுக்கும் தனக்கும், பணம் இருக்கிறவரை, வழக்கம்போல் குழம்பும் ரசமும் வைத்தாள். இருபத்துநான்காம் தேதி அந்தப் பணம் தீர்ந்தது. அன்று ராத்திரி அவர் தட்டில் சோற்றைப் போட்டு, தண்ணீரை ஊற்றி, ஓரத்தில் உப்பை வைத்தாள்.

"குழம்பு?"

"நீங்க வச்ச காசு இன்னிக்கோட தீந்துபோச்சு. அரிசி மட்டும் கெடக்கு."

அவர் கோபப்படுவார், பணத்தை எடுத்து எறிவார், எப்படியும் தொகை ஏறும் என்று அவள் நம்பியிருந்தாள். மூன்று வாரமாக அந்த நம்பிக்கையில்தான் விரல் நோக ஒட்டியிருந்தாள். நல்லசிவம் தட்டைப் பார்த்தார். உப்பைக் கரைத்தார். ஒரு கவளம் வாயில் போட்டு மென்றார். இன்னொன்று போட்டார். தட்டு காலியாகும்வரை தின்றுவிட்டு, தண்ணீரைக் குடித்து ஏப்பம் விட்டார்.

"பரவால்லையே. இது போதும்போல இருக்கே" என்றார். "மாசக் கடைசியில ஒரு வாரம் இப்பிடியே வையி. வயித்துக்கும் நல்லது."

கையைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

செல்வலட்சுமி தட்டை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்தபோது பரணில், குடைகளுக்கு முன்னால், அவர் கையாலேயே ஏற்றி வைத்த டின் தெரிந்தது. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. பிறகு எழுந்து, ஸ்டூலைப் போட்டு ஏறி, டின்னை இறக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்றாம் வீட்டுக்குப் போனாள்.

"ஏத்தா, ஓடு மாத்தி எத்தன நாளாச்சு, இந்த ராத்திரியிலயா கொண்டாரணும்?" என்றாள் முத்துமாரியம்மாள். "ஒட்ட மாவு வேணும்ல ஒனக்கு, அங்கனயே இருக்கட்டுமே."

"வேண்டாம் மதினி. தெனமும் இங்கன வந்து வேணுங்கிறத அள்ளிக்கிறேன்" என்றாள் செல்வலட்சுமி. "எங்க வீட்டுல இருக்க வேண்டாம்."